இயற்கணித வடிவியல்: எந்நூலை முதலில் கற்பது?

சங்கரன்கோவிலைச் சேர்ந்த கணித மாணவர் ஒருவர் அண்மையில் நம் தமிழ்த்துறைக்கு வந்தார். ராபின் ஹார்ட்ஷோர்ன் 1977இல் வெளியிட்ட 'அல்ஜீப்ரயிக் ஜியாமெட்ரி' அவர் கையிலிருந்தது. கலைச்சொற்களுக்குத் தமிழ் கேட்க வந்தவர், முதல் அத்தியாயத்தையே தாண்ட இயலவில்லை என்றும், தாம் தமிழ்வழியில் பயின்றதே காரணம் என்றும் வருந்தினார். கணிதத்துறை நண்பர்களோடு கலந்து பேசினோம். குறை மொழியில் இல்லை, நூல்களைக் கற்கும் வரிசையில் உள்ளது எனத் தெளிந்தோம். நன்னூலைக் கல்லாது தொல்காப்பிய உரைகளுள் புகுந்தவர் திகைப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம் அல்லவா?

சமன்பாட்டை உருவமாகவும் உருவத்தைச் சமன்பாடாகவும் காண்பதே இத்துறையின் அடிப்படை. 11ஆம் நூற்றாண்டில் உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வளைவுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளால் தீர்த்தார். அவருடைய கவிதையை அறிந்த நம்மவருள் பலர் இதனை அறியார்.

முதலில் மைக்கேல் ஆர்டினின் 'அல்ஜீப்ரா' (1991) போன்றதொரு நூலால் குலம், வளையம், களம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். பாவு ஏற்றாத தறியில் ஊடை ஓடுமா? அடுத்து, பெரிதும் தள வளைவுகளைப் பற்றிய வில்லியம் ஃபுல்டனின் 'அல்ஜீப்ரயிக் கர்வ்ஸ்' (1969). ஆசிரியரே இதனை இணையத்தில் கட்டணமின்றி வழங்கியுள்ளார். மைல்ஸ் ரீட் இளநிலை மாணவர்க்கென எழுதிய நூல் (1988) இன்னும் எளியது. உடன் பயில வேண்டியது அட்டியாவும் மக்டொனால்டும் எழுதிய பரிமாற்று இயற்கணித நூல் (1969). மெல்லிய நூல்தான், ஆயினும் அதன் உயிர் பயிற்சிக் கணக்குகளில் உள்ளது. அவற்றைச் செய்யாது பக்கம் புரட்டுவது வீண். ஹார்ட்ஷோர்ன் இவற்றுக்குப் பின்னரே.

எப்படிக் கற்பது என்பதற்கு நம் மாநிலத்தவரே சான்று. 1938இல் சென்னையில் பிறந்த சி.பி. ராமானுஜம் (சீனிவாச ராமானுஜன் வேறு) லயோலா கல்லூரியில் பயின்று, 1957இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ரஷ்ய அறிஞர் ஷஃபரேவிச் அங்கு ஆற்றிய விரிவுரைகளுக்குக் குறிப்பெழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. கேட்டதைப் படியெடுத்ததோடு நில்லாது, பிழை களைந்து நிறுவல்களையும் தாமே சேர்த்தார். 1967-68இல் டேவிட் மம்ஃபோர்டு நிகழ்த்திய விரிவுரைகளுக்கும் அவரே குறிப்பெழுதினார். அவை 'அபீலியன் வெரைட்டீஸ்' (1970) என்னும் நூலாயின. உரையாசிரியர் மரபு என நாம் வகுப்பில் போற்றுவது இதனையன்றோ! 1974இல், 36 வயதில், அவர் மறைந்தார். அந்நிறுவனத்தின் விரிவுரைக் குறிப்புகள் பலவும் இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

அம்மாணவர் இப்போது ஃபுல்டனைத் தமிழில் குறிப்பெழுதிப் பயின்று வருகிறார். முதல் அத்தியாயத்தில் மூன்று கணக்குகள் இன்னும் பிடிபடவில்லையாம்.