சீட்டுகள் செல்லும் வழி

கணினி வாங்குவதுபற்றி இன்று பல சங்கங்களில் ஆலோசனை நடைபெறுகின்றது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிவழிப்படுத்தும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்க அங்கத்தினர்களும் “நமக்கு எப்பொழுது?” என வினவுகின்றனர். பொறி வருமுன் ஆற்றவேண்டிய பணி ஒன்றுண்டு. சங்கத்தினுள் கணக்கும் செய்தியும் எவ்வழியே செல்கின்றன என ஆராய்வதே அது.

இதற்கு ஒரு வரைபட முறை உளது. எட்வர்ட் யூர்டன், டாம் டிமார்க்கோ முதலிய அமெரிக்க அறிஞர்கள் 1970-களில் இதனைப் பரப்பினர். வேண்டுவன நான்கே குறிகள். வெளியாருக்குச் சதுரம், செய்யும் வேலைக்கு வட்டம், பதிவேட்டிற்கு இணைகோடுகள், செல்லும் செய்திக்கு அம்பு. நெசவாளர் சதுரம், நூல் வழங்குதல் வட்டம், நூல் இருப்புப் பதிவேடு இணைகோடுகள், வழங்கற்சீட்டு அம்பு. வட்டத்திற்குள் அம்புகள் நுழைந்து, ஒன்றும் வெளிவரவில்லையெனில் அவ்வேலையால் யாருக்குப் பயன் என்று கேட்கவேண்டும். ஒன்றும் நுழையாமல் வெளிவருமாயின், அந்த எண் எங்கிருந்து பிறந்தது? மற்றொரு விதி மிக முக்கியமானது. ஒரு பதிவேட்டிலிருந்து மற்றொன்றிற்குச் செய்தி தானே செல்லாது; இடையில் ஒருவர் கை இருந்தே தீரும். வரையாமல் விடப்பட்ட வட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நாம் ஆராய்ந்த ஒரு சங்கத்தில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். கிடங்கில் நூல் வழங்கும்பொழுது நெசவாளரின் கைப்புத்தகத்திலும் இருப்புப் பதிவேட்டிலும் எழுதினர். கூலிக் கணக்கர் அதனை மூன்றாவது ஏடொன்றில் படியெடுத்தார். 3 சிட்டம் ஊடை நூல் பெற்ற ஒருவருக்கு அவ்வேட்டில் 8 என விழுந்துவிட்டது. துணியின் எடை ஒத்துவரவில்லை. 5 சிட்டம் பாக்கி எனக் கருதி இரண்டு வாரக் கூலியை நிறுத்தினர். எவரிடத்தும் வஞ்சகமில்லை. வரைந்து பார்த்தபொழுது, மூன்றாவது ஏட்டிலுள்ளது யாவும் முதலிரண்டிலேயே இருப்பது தெரிந்தது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க ஃபோர்டு மோட்டார் கம்பெனியில் 1980-களில் சரக்குப் பட்டியல்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் 500-க்கு மேற்பட்டோர் பணியாற்றினர். ஜப்பானின் மாஸ்டா கம்பெனியில் அவ்வேலைக்கு ஐவரே! மாஸ்டா சிறியதுதான், எனினும் வேறுபாடு அளவுக்கு மிஞ்சியது. ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, விற்றவர் அனுப்பும் பட்டியல் ஆகிய மூன்றும் ஒத்துவராத இடங்களைத் துருவுவதிலேயே ஃபோர்டு கணக்கர்களின் காலம் கழிந்தது. பின்னர், வந்த சரக்கை இறங்குமிடத்திலேயே கணினியிலுள்ள ஆர்டருடன் ஒப்பிட்டனர். ஒத்திருப்பின் பணம் சென்றது, பட்டியலே தேவைப்படவில்லை. அப்பிரிவில் ஆட்கள் 75 சதவீதம் குறைந்ததாக மைக்கேல் ஹாமர் 1990-இல் எழுதினார். ஆட்குறைப்பைக் கூட்டுறவாளராகிய நாம் கொண்டாடவேண்டியதில்லை. பழைய சீட்டுகளை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால் அதே பிணக்குகள் விரைவாக நேர்ந்திருக்கும் என்பதையே கவனிக்கின்றோம்.

படம் வரைவோர் துணைவிதிகளைப் பார்த்து வரையலாகாது. ஒரு சீட்டினைக் கையில் எடுத்து, அது முடியுமிடம்வரை பின்தொடர்க. காரியதரிசியைவிட, எழுதுகின்றவரையே கேட்பது நலம்: “இதனைப் படிப்பவர் யார்? படித்தபின் என் செய்வார்?” இம்முறைக்கு ஒரு குறையுண்டு, காலத்தை இது காட்டாது. ஆகவே ஒவ்வோர் அம்பின்மீதும் எத்தனை நாட்கள் ஆகின்றன எனக் குறித்துக்கொள்வோம்.

படம் முடிந்ததும் அங்கத்தினரிடம் காட்டவேண்டும். மேற்கூறிய சங்கத்தில், கூலி நிறுத்தப்பட்ட அம்முதியவரிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்து, “ஐயா, என் வீட்டிலிருந்து அம்பு போகின்றது, கூலி ஏன் நின்றதென்று சொல்ல ஒன்றும் திரும்பி வரவில்லையே” என்றார். அந்த அம்பை அன்றே வரைந்தோம். கூலி நிறுத்தப்படின் காரணம் எழுதிய சீட்டு அன்றைக்கே நெசவாளர் கையில் சேரவேண்டுமென நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்தது.