மாநகர ஏடுகளைக் கேட்டறியும் உரிமை

திறந்த நிர்வாகம் என்பது, ஆட்சிமன்றம் தன் கணக்குகளையும் முடிவுகளையும் மக்கள் பார்வைக்கு வைப்பதாகும். இக்கருத்தை வளர்த்ததில் ஏழைக் கிராமங்களுக்கும் பெரும் பங்குண்டு. 1994ஆம் ஆண்டில் இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், பொதுப்பணிகளில் உழைத்தும் முழுக்கூலி பெறாத கிராமத்தவர், ஊராட்சியின் பதிவேடுகளை ஊர்மக்கள் முன்னிலையில் வாசிக்கச் செய்தனர். வேலைக்கே வராதோர் பெயர்களிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை அங்கு வெளிப்பட்டது. ஏட்டைக் காணாமல் கூலியைக் கேட்க இயலாது என்பதே அவர்கள் கற்ற பாடம்.

பின்னர் இவ்வுரிமை சட்டமாயிற்று. தமிழ்நாடு 1997இலும், இந்திய நடுவண் அரசு 2005இலும் சட்டம் இயற்றின. இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளையும் மாநகர சபைகளையும் உள்ளடக்கியது; விண்ணப்பம் கிடைத்த 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறப்படல் வேண்டும். எனினும் இவ்விரு நாடுகளிலும் உரிமை குடிமக்களுக்கே உரியது.

டுசல்டோர்ஃப் நகரில் நிலைமை வேறு. நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தின் தகவல் சுதந்திரச் சட்டம் 2002 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ளது. அது இவ்வுரிமையை ஒவ்வொரு மனிதருக்கும் வழங்குகிறது. ஜேர்மன் கடவுச்சீட்டு தேவையில்லை. காரணம் கூறவும் வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதோர்க்கு மாநகரத் தேர்தலில் வாக்கில்லை. ஆயினும் நகரின் பணம் எவ்வாறு செலவாகிறது என வினவும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

விண்ணப்பத்தை எழுத்திலோ வாய்மொழியாகவோ மின்னஞ்சலிலோ அளிக்கலாம். வேண்டும் தகவலைத் தெளிவாகக் குறிப்பிடுதல் அவசியம். ‘பூங்காக்கள் பற்றிய விவரம்’ என்பதைவிட, ‘இன்ன விளையாட்டுத்திடலின் திருத்தவேலைக்குக் கடந்த ஆண்டு ஒதுக்கப்பட்ட தொகை’ என்று கேட்பது பயன்தரும். தகவல் தாமதமின்றி, அதிகபட்சம் ஒரு மாதத்திற்குள் வழங்கப்படல் வேண்டும். மிகுந்த வேலையை வேண்டும் கோரிக்கைகளுக்குக் கட்டணம் விதிக்கப்படலாம். ஆதலால் அதனை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

பிறரது தனிப்பட்ட விவரங்கள், வணிக இரகசியங்கள், பொதுப் பாதுகாப்பு ஆகியவற்றின் பொருட்டுத் தகவல் மறுக்கப்படலாம். எழுத்துமூல விண்ணப்பத்தை மறுப்பின், காரணத்தையும் எழுத்தில் தருதல் வேண்டும், மறுப்புக்குக் கட்டணமில்லை. மறுக்கப்பட்டவர், மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு மற்றும் தகவல் சுதந்திர ஆணையாளரை நாடலாம். அவ்வலுவலகம் இந்நகரிலேயே அமைந்துள்ளது.

நகரசபைக் கூட்டங்களும் பொதுவாக மக்கள் முன்னிலையிலேயே நடைபெறுகின்றன. கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே சென்று கேட்போர் இருக்கும்போதே நிர்வாகம் உண்மையில் திறந்ததாகிறது.