எண்ணிக்கை உணர்த்தும் உண்மை

நுழையும்முன்

மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொதுச் சுகாதார அலுவலர் ஓர் ஊரையே பார்க்கிறார். இப்பார்வை தானே வாய்ப்பதன்று; உயர்கல்வியின்வழிப் பயின்று பெறுவது. கடலூர் மாவட்டத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று இதனை விளக்குகிறது.

அலைக்குப் பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. டிசம்பர் 29 அன்று, பாதிக்கப்பட்ட ஊர்களில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. மறுநாளே கடலூர் மாவட்டத்தில் சிலருக்குத் தட்டம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. ஆழிப்பேரலையே இதற்குக் காரணம் என்று எவரும் எண்ணக்கூடும்.

சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவ்வாறு முடிவு கட்டவில்லை. நோயுற்றோரின் வயது, இருப்பிடம், நோய் தொடங்கிய நாள், தடுப்பூசி விவரம் ஆகியவற்றைத் தொகுத்தனர். நோயுற்ற 101 பேருள் 71 பேர் அலை தாக்கிய ஊரினர். 30 பேர் அலை தீண்டாத ஊரினர். ஆயினும், ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் எனக் கணக்கிட்டபொழுது, முன்னவற்றில் 1.3, பின்னவற்றில் 1.7 என்றாயிற்று. மேலும், கிருமி உடலிற்புகுந்து தட்டம்மையாக வெளிப்பட ஏறத்தாழப் பத்து நாள்களாகும். எனவே, அலை வந்த சில நாள்களுக்குள் வெளிப்பட்ட நோய், அலைக்கு முன்பே தொற்றியதாதல் வேண்டும்.

எஞ்சியோர் எத்தனை பேர்?

தமிழகத்தில் அப்பொழுது நூற்றுக்கு 95க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு தவணை ஊசி பெற்றிருந்தனர். பின்னர் நோய் பரவியது எவ்வாறு? ஒன்பதாம் மாதத்தில் போடப்படும் ஒரு தவணை, நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கே காப்பளிக்கும். அவ்வாறாயின், 95 பேர் ஊசி பெற்றாலும் காப்புப் பெறுவோர் ஏறத்தாழ 81 பேரே. எஞ்சிய 19 பேர் ஆண்டுதோறும் பெருகிவர, நோய்க்கு இடம் உண்டாகிறது. அலை தாக்கிய ஊர்களில் நோயுற்றோருள் 36 விழுக்காட்டினர் ஐந்து வயதைக் கடந்தவர்கள். சிறப்பு ஊசிப்பணியின் வயது வரம்பு அவர்களை உள்ளடக்கவில்லை. ஆகவே, இரண்டாம் வாய்ப்பாக மீண்டும் ஊசி போடுவதையும், பேரிடர்க் காலத்தில் 14 வயது வரை போடுவதையும் ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். 2010 முதல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் இரண்டாம் தவணை இடம்பெறத் தொடங்கியது.

களமே வகுப்பறை

இந்நிறுவனம் 2001 முதல் நோய்ப்பரவியலில் ஈராண்டு முதுநிலைப் படிப்பை நடத்திவருகிறது. பயில்வோர் சில வாரங்களை வகுப்பறையிலும் பெரும்பகுதியைக் களத்திலும் செலவிடுகின்றனர்.

நாளை பண்ருட்டியில் ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு பரவினால் மருந்து வேண்டும். அதனோடு, யாருக்கு, எந்நாளில், எந்த நீரைப் பருகியபின் என்று வினவப் பயின்ற ஒருவரும் வேண்டும். மாணவர்களே! அவ்வொருவர் உங்களுள் ஒருவராகலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் கடந்த ஆண்டு பரவிய காய்ச்சல் பற்றிச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறிந்து, வயது, தெரு, நாள் எனப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.