வளரும் பருவமும் விளையாட்டு வேளையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முன்னோர் வாக்கு. இதைக் கட்டுரை நோட்டில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும், கால அட்டவணையிலுள்ள உடற்கல்வி வேளை மெல்ல மெல்லக் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுவதைப் பல பள்ளிகளில் காண்கிறோம். மைதானத்துக்குச் சென்றாலும் மாணவியர் பலர் மரநிழலில் அமர்ந்துவிடுகின்றனர். எந்தப் பருவத்தில் உடலுக்கு விளையாட்டு மிகவும் தேவையோ, அந்தப் பருவத்திலேயே அது கைவிடப்படுகிறது. இது தகுமா என்று ஆராய்வோம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி 146 நாடுகளைப் பற்றி அந்நிறுவனத்தார் செய்த ஆய்வில், 11 முதல் 17 வயது வரையுள்ள சிறுமியரில் 100-க்கு 85 பேர் இந்த அளவை எட்டவில்லை என்று தெரியவந்தது. சிறுவரில் இது 78 பேர். பெரும்பாலான நாடுகளில் பெண்களே பின்தங்குகிறோம்.

சோம்பலா, சோகையா?

ஒரு சுற்று ஓடியதும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடும் மாணவியைச் ‘சோம்பேறி’ என்று சொல்லிவிடுகிறோம். சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 53 பேருக்கு இரத்தசோகை உண்டு. மரத்தடியில் அமர்ந்திருப்பவள் சோம்பேறியாக இல்லாமல், சோகை உள்ளவளாகவும் இருக்கலாம் அல்லவா?

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின். அது உருவாக இரும்புச்சத்து வேண்டும். நம் வயதில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. வேகமாக வளர்வதாலும், மாதந்தோறும் இரத்தம் வெளியேறுவதாலும் நமக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை. 13 முதல் 15 வயது வரை சிறுவருக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராமும் சிறுமியருக்கு 30 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது.

கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருத்தல், மாடிப்படி ஏறினால் படபடப்பு, தலைசுற்றல், பாடத்தில் மனம் நிலைக்காமை ஆகியவை சோகையின் அடையாளங்கள். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் குறை, மைதானத்தில் ஓடும்போது வெளிப்பட்டுவிடும். ஆகவே உடற்கல்வி வேளை நோயை முன்கூட்டிக் காட்டும் கண்ணாடியும் ஆகும். அவ்வேளையைப் பறித்தால் அந்தக் கண்ணாடியையும் இழக்கிறோம். மூச்சு வாங்கும் தோழியைக் கேலி செய்யாமல், ஆசிரியையிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதே நல்ல தோழமை.

மூன்று தடைகள்

“பொதுத்தேர்வு ஆண்டில் விளையாட்டு எதற்கு?” என்பது முதல் தடை. 2022-இல் நம் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. இந்தியப் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. அறிவால் ஆடும் அந்த ஆட்டத்திலும் பல மணி நேரம் கவனம் சிதறாமல் அமர்ந்திருக்க உடல் தாங்க வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வும் அப்படித்தானே!

“வீட்டு வேலையே போதிய பயிற்சி” என்பது இரண்டாம் தடை. தண்ணீர் சுமப்பதும் வீடு பெருக்குவதும் நல்ல உழைப்பே. ஆயினும் ஓடுதல், குதித்தல், எறிதல் ஆகியவை எலும்புக்குத் தரும் உறுதியை அவை முழுமையாகத் தருவதில்லை. பெண்களின் எலும்பு வலிமையில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இளமையில் சேர்த்த இந்தச் சேமிப்பைத்தான் முதுமையில் செலவிடுகிறோம்.

“மாதவிலக்கு நாட்களில் அசையக் கூடாது” என்பது மூன்றாம் தடை. நலமாயிருப்பவர்கள் இலேசான பயிற்சி செய்வதால் தீங்கில்லை. சிலருக்கு வலி குறையவும் செய்யும். கடும் வலியோ மிகுந்த உதிரப்போக்கோ இருந்தால் ஓய்வும் மருத்துவரின் ஆலோசனையும் தேவை. இதைத் தாயிடமும் ஆசிரியையிடமும் கூச்சமின்றிச் சொல்லலாம்.

உணவும் மருந்தும்

சத்துணவுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டுச் சந்தையில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பயறு வகைகள் கிடைக்கின்றன. நம் கடற்கரையில் கிடைக்கும் நெத்திலியை முள்ளோடு உண்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு ஏறும். உணவோடு தேநீரும் காப்பியும் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

வாரம் ஒருமுறை வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்துவிடாமல், சாப்பிட்ட பின் விழுங்க வேண்டும். வயிற்றுப் புழுக்கள் இரத்தத்தைக் குறைப்பதால், ஆண்டுக்கு இருமுறை தரும் பூச்சி மாத்திரையும் அவசியம்.

நம்மால் இயன்றவை

வெறுங்காலோடு ஆடும் கோகோ, ஒரு வளையமும் கயிறும் போதுமான வளையப்பந்து, எறிபந்து ஆகியவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. நம் பக்கத்தில் ஜூன், ஜூலையிலும் வெயில் தணிவதில்லை. ஆகவே காலை முதல் வேளையிலோ, கடற்காற்று வீசும் மாலையிலோ ஆடுவது நலம். ஆடுமுன்பும் பின்பும் தண்ணீர் அருந்த வேண்டும். காலை உணவு உண்ணாமல் ஓடக் கூடாது.

தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்து மேலக்கோட்டையூரில்தான் உள்ளது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரக் கடலில் நடந்தபோது பெண்களும் அலைமீது ஏறி நின்றனர். நாம் எல்லோரும் வீராங்கனைகள் ஆக வேண்டியதில்லை. மூச்சு வாங்காமல் படியேறவும், சோர்வின்றிப் படிக்கவும், நாளை ஒரு குடும்பத்தையோ பணியையோ தாங்கவும் வல்லவர்களாக வேண்டும்.

எனவே பெற்றோரே, மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் கண்ணால் மகளின் முகத்தையும் பாருங்கள். அன்புள்ள சகோதரிகளே, ஆசிரியைகளே, உடற்கல்வி வேளையை எங்களுக்கே விட்டுவையுங்கள். தோழியரே, மணி அடித்ததும் மரத்தடியை விட்டு எழுவோம்; எழ முடியாதவளின் கையைப் பிடித்து, அவளுக்கு என்ன குறை என்று கேட்போம்.