காலைச் சுடும் என்ஜின்: வண்டி நிற்கும்போதுதான் கவனம் தேவை

திருப்பூர் மண்ணரைப் பக்கம், ஊத்துக்குளி ரோட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் புல்லட்டில் ஊர்ந்து போகும்போது முழங்காலுக்குக் கீழே அனல் அடித்தால், உடனே வண்டியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். காற்றால் குளிரும் என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே காற்று ஓடினால்தான் சூடு வெளியேறும். அதனால் நெடுந்தூரப் பயணத்தைவிட நெரிசலில்தான் அதிகம் சுடும். ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு இந்தக் கவலை இல்லையே என்பார்கள். என்ஜின் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் விசிறி தள்ளும் சூடான காற்று காலில்தான் வந்து படும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் அணைத்துவிடுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் வீணாகும் என்ற பயம், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்குத் தேவையில்லை. ஆயில் அளவைப் பாருங்கள். கொதிக்கும் என்ஜினில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். உலோகம் சட்டென்று சுருங்கி விரிசல் விடலாம்.

பனியன் ஊர்க்காரர்களுக்குத் துணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் லேசாக இருக்கிறதென்று பாலியெஸ்டர் டிராக் பேன்ட்டோடு வண்டி ஏறுகிறவர்கள் நிறைய. சுமார் 250 டிகிரி செல்சியஸில் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். என்ஜினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வரும் குழாய் அதைவிடவும் சூடாகலாம். பருத்தி உருகாது. தடித்த ஜீன்ஸ் புழுக்கம்தான், ஆனால் புழுக்கம் வீட்டுக்கு வந்ததும் போய்விடும், தீக்காயம் போகாது. மீறிச் சுட்டுவிட்டால் பற்பசை தடவாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதானால் மருத்துவரிடம் போங்கள்.