எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் காங்கேசன்துறையும் அதை அடுத்த கரையோர ஊர்களும் வெறிச்சோடின. போர் முடிந்த பின்னரும் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. ரயில்கூட 2015 சனவரியிலேதான் காங்கேசன்துறைக்குத் திரும்பி வந்தது. முகாம்களிலே பந்து உதைக்கப் பழகியவர்களின் பிள்ளைகள் இன்று பாட்டன்மார் ஆடிய மண்ணிலே ஆடுகிறார்கள். மாலை வேளையில் அதைக் காண்பதே ஒரு சந்தோஷம்.

அந்தப் பக்கத்திலே ஒரு திருநாளையொட்டி நடந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியைப் பார்க்க நேர்ந்தது. மத்தியஸ்தர் ஒரு கோலைச் செல்லாதென்று ஊதினார். கோட்டோரத்தில் நின்ற தகப்பன் ஒருவர், காலையில் பூசை கண்டவர், மத்தியஸ்தரின் தாயையும் சேர்த்து ஏசினார். பிறகு உள்ளே ஆடிய தம் மகனைப் பார்த்து, “உவன்ரை காலை முறியடா!” என்று கத்தினார். அவர் பக்கத்திலே அவருடைய இளைய பையன், ஏழெட்டு வயதிருக்கும். தகப்பன் முகத்தை அண்ணாந்து பார்த்தான். குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினான். எறியவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

விளையாட்டிலே வன்முறை என்றதும் நாம் ஆடுபவர்களையே குற்றஞ் சொல்கிறோம். முரட்டுத்தனமாக ஆடுபவனுக்கு மஞ்சள் அட்டை உண்டு, சிவப்பு அட்டை உண்டு. கோட்டுக்கு வெளியே நிற்கும் நமக்கு யார் அட்டை காட்டுவது?

1980 ஓகஸ்ட் 16ஆம் திகதி கல்கத்தா ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பகான், கிழக்கு வங்காளம் ஆகிய இரு கழகங்களும் மோதின. ஆட்டக்காரர் இருவருக்கிடையே மூண்ட சச்சரவு பார்வையாளர் வரிசைகளுக்குத் தாவியது. அடிதடியிலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவரேனும் பந்தைத் தொட்டவரல்லர். அந்த நாளிலே அவர்கள் நினைவாக இரத்ததானம் செய்யும் வழக்கம் அங்கே உண்டு.

அதே மைதானத்தில் 1996 மார்ச் 13ஆம் திகதி நடந்ததை நம்மவர் பலர் தொலைக்காட்சியிலே கண்டனர். உலகக் கிண்ணத் துடுப்பாட்ட அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஒரு விக்கெட்டுக்கு 98 ஓட்டங்கள் பெற்றிருந்த இந்தியா, 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தது. போத்தல்கள் பறந்தன, ஆசனங்களுக்குத் தீ வைத்தனர். ஆட்டத்தைத் தொடர முடியாமல் கிளைவ் லொயிட் இலங்கைக்கு வெற்றியை அளித்தார். களத்தில் நின்ற வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். தம் வீரரை அழவைத்தவர்கள் எதிரணியினரல்லர், அவரை நேசிப்பதாகச் சொன்னவர்களே.

தூரத்துக் கதையென்று தள்ளிவிட முடியாது. 1904இல் தொடங்கிய நம் யாழ்ப்பாணத்துத் துடுப்பாட்டப் போட்டியை ‘வடக்கின் பெரும் போர்’ என்கிறோம். (போர் என்றால் என்னவென்று நாம் அறியாத காலத்தில் தொடங்கிய ஆட்டத்துக்கு, அறிந்த பின்னும் அந்தப் பெயரைச் சொல்லிக் களிக்கிறோம்.) 2014 மார்ச்சில் அந்தப் போட்டி வேளையில் எழுந்த மோதலில் தாக்கப்பட்டு ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவரும் ஆட வந்தவரல்லர், பார்க்க வந்தவர்.

பார்ப்பவன் எப்படி வெறியனாகிறான்? புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கை அறிக்கையின் ஆறாம் புத்தகத்தில் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருக்கிறார். உரோமையில் சட்டம் படித்த அந்த இளைஞர், மனிதரை மனிதர் கொல்லும் வாட்போர்க் காட்சிகளை வெறுத்தவர். நண்பர்கள் அவரை வலிந்து இழுத்துப் போனார்கள். உடலைத்தான் இழுக்கிறீர்கள், மனத்தையல்ல என்று சொல்லிக் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். ஆனால் காதுகளை மூடவில்லை. ஒருவன் வீழ்ந்தபோது கூட்டம் முழங்கியது. அலிப்பியுஸ் கண் திறந்தார். பிறகு மூடவே முடியவில்லை. தாமும் கத்தினார், மறுமுறை மற்றவர்களையும் அழைத்துப் போனார். வீழ்ந்தவனின் உடற்காயத்தைவிட அவருடைய ஆன்மக் காயம் பெரிது என்பது அகுஸ்தீனாரின் தீர்ப்பு. அலிப்பியுஸ் பின்னர் மனந்திரும்பி ஆயருமானார். ஆனால் அவரை முதலில் வீழ்த்தியது வாளல்ல, கூட்டத்தின் சத்தம் என்பதைக் கவனியுங்கள்.

அந்தச் சத்தத்துக்கு எதிரே தனியே நின்றவரும் உண்டு. தெலேமாக்கு என்ற துறவி உரோமை அரங்கினுள் இறங்கி வாட்போரை நிறுத்த முயன்றபோது பார்வையாளர்கள் அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள் என்றும், அதன் பின்னரே பேரரசர் ஒனோரியுஸ் அக்காட்சிகளைத் தடைசெய்தார் என்றும் தியோடொரெட் தம் திருச்சபை வரலாற்றில் எழுதுகிறார். அங்கும் கல் பார்வையாளர் கையிலேதான் இருந்தது.

திருச்சபை விளையாட்டை வெறுக்கவில்லை. புனித இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் இளமையில் கோல் காத்தவர். ஓட்டப் பந்தயங்களுக்குப் பேர்பெற்ற கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய புனித சின்னப்பர், வாடிப்போகும் இலைமுடிக்காக வீரர் படும் பாட்டை உவமையாக எடுத்துக்கொண்டார். விதிப்படி ஆடாதவனுக்கு முடியில்லை என்று திமோத்தேயுவுக்கும் எழுதினார். விதி என்றால் மத்தியஸ்தரின் தீர்ப்பும் அடங்கும். அவர் பிழைவிட்டாலுங்கூட. இதுதான் நமக்குச் செரிக்காத இடம்.

பெற்றோரே, ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் “வெண்டனியோ?” என்பதையே முதலில் கேட்கிறோம். “மற்றப் பக்கத்திலை ஆர் நல்லா விளையாடினது?” என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அடுத்த ஆட்டத்திலே பார்த்து வரச் சொல்லுங்கள். தோற்று அழுதால் அழ விடுங்கள். மத்தியஸ்தரைத் திட்டி அவனைத் தேற்றாதீர்கள்; அந்தத் தேறுதல்தான் பின்னர் கல்லாகிறது.

திருநாட் போட்டி நடத்தும் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. இரு ஊருக்கும் சேராத மத்தியஸ்தரை அழையுங்கள். கோட்டோரத்தில் கயிறு கட்டுங்கள். கேடயம் கொடுக்குமுன் இரண்டு அணியினரையும் ஒரே வாங்கிலே கலந்து இருத்தித் தேநீர் கொடுங்கள். கோட்டோரத்தில் கத்திய தகப்பன்மாரையும் கூப்பிட்டு, அந்தத் தேநீரைப் பரிமாறச் சொல்லுங்கள்.