ஊசி போட்டதிலேர்ந்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகர் மாத்திரை கொடுக்கப் போகும் வீடுகளில் வயசானவர்கள் எதைக் கேட்டாலும், "கொரோனா ஊசி போட்டதிலேர்ந்துதான் இப்படி" என்கிறார்கள், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல பாட்டி" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கிராம சுகாதார செவிலியராக நான் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நானும் ஓர் அப்பத்தாவிடம் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

2021 ஏப்ரல். 45 வயதுக்கு மேல் எல்லோருக்கும் போடலாம் என்று அறிவித்த மாதம். பள்ளிக்கூட வராந்தாவில் முகாம். கோவிஷீல்டு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், பத்துப் பேர் சேராமல் திறந்தால் வீண். ஆள் சேர்ந்ததும் மடமடவென்று போடுவோம். நான் நின்றபடி, அவர்கள் பிளாஸ்டிக் சேரில். அப்பத்தாவுக்கு ரவிக்கைக் கை இறுக்கம், மேலே சுருட்ட முடியவில்லை. மேல் கொக்கியைக் கழற்றி, தோளிலிருந்து துணியைக் கொஞ்சம் இறக்கி, தெரிந்த இடத்தில் போட்டேன். அரை மணி நேரம் உட்கார வைத்து, இரண்டு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டாவது ஊசிக்கு இடைவெளி 12 வாரத்துக்குத் தள்ளிப்போனதால் ஜூலையில்தான் வந்தாள். தலைமுடி விரிந்து கிடந்தது. எண்ணெய் வைத்துக் கொண்டை போடாமல் வாசல் தாண்டாத மனுஷி.

"என்னத்தா, முடியை விரிச்சுப் போட்டுட்டு வந்திருக்க?"

"கை பொடனிக்குப் போகமாட்டேங்குது தாயி. அன்னைக்கு ஊசி போட்ட ராத்திரியிலேர்ந்து."

"வயசாயிட்டா அப்படித்தான். சுகர் வேற இருக்குல்ல" என்றேன். அவள் பதில் பேசவில்லை. மற்றக் கையை நீட்டினாள்.

நான் சொன்னது முழுப் பொய்யில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் தானாகவே இறுகிப்போவது உண்டு. ஆனால் அவள் ஒரு தேதி சொன்னாள், ஒரு ராத்திரியைச் சொன்னாள், ஒரு கையைச் சொன்னாள். மூன்றையும் நான் காதில் வாங்கவில்லை. பிறகொரு நாள் தாலுகா ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் என் தோளிலேயே தொட்டுக் காட்டினார். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை திரண்ட இடத்தில் போட வேண்டும். அதற்கு மேலே ஏறினால் மருந்து தசைக்குப் பதில் மூட்டை ஒட்டி இறங்கி, அங்கே வீங்கிப் பிடித்துக்கொள்ளும். வலி இரண்டு நாளைக்குள் ஆரம்பிக்கும், மாதக்கணக்கில் விடாது. சாதாரண ஊசி வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும், இது போகாது. இதில் மருந்தின் மேல் தப்பில்லை. எந்தத் தடுப்பூசிக்கும் வரும், டி.டி. ஊசிக்கும்கூட. வயசானவர்கள் கையில் தசை வற்றியிருக்கும், அங்கே நாம் இன்னும் நிதானிக்க வேண்டும். நின்றுகொண்டு போட்டாலும், துணியை மேலிருந்து இறக்கினாலும் ஊசி மேலே போய்விடும். நான் இரண்டையும் செய்திருந்தேன்.

அதனால் நீ உட்கார்ந்து போடு. ரவிக்கை இறுக்கமென்றால் மறைப்புக்குள் கூட்டிப்போய்க் கையை முழுசாக வெளியே எடுக்கச் சொல். ஒரு நிமிஷம் கூடுதலாகும், வரிசையில் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

எல்லாமே ஊசியால்தான் என்று நான் சொல்லவில்லை. நடிகர் விவேக் அதே 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பால் இறந்தார். மறுநாள் என் முகாமில் சேர்கள் காலி. மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தடுப்பூசிப் பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு விசாரித்துச் சொன்னபோது அக்டோபர் வந்துவிட்டது. அந்த ஆறு மாதமும் வாசல் வாசலாகப் பதில் சொன்னவர்கள் நாம்தான். 2024இல் கோவிஷீல்டால் ரத்தம் உறையலாம் என்ற செய்தி லண்டன் கோர்ட்டிலிருந்து வந்தபோதும் கிழவர்கள் திண்ணையில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். அது உண்மையான விளைவுதான், மறைக்காதே. ஆனால் மிக அரிது. வயசானவர்களைவிட இளையவர்களுக்கே அதிகம் வந்தது. வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்திருக்கும். மூன்று வருஷம் கழித்து இனிமேல் வருமோ என்று பயந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரி ஒன்றே போதுமாக இருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள். 12 தடுப்பூசிச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் முதல் ஊசிக்குப் பின் நூற்றுக்கு 35 பேர் தலைவலி, அசதி போல ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுச் சிலர் "எல்லாம் மனப்பிரமை" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலை வலித்தது வலித்ததுதானே.

பொதுவாகக் காய்ச்சலும் நடுக்கமும் வயசானவர்களுக்கு இளவட்டங்களைவிடக் குறைவாகவே வந்தன. பக்கவிளைவுப் படிவத்தில் காய்ச்சல் 'சிறு விளைவு'. ஆனால் எண்பது வயதில், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, நடுராத்திரி இருட்டில் கொல்லைக்குப் போய்வருவதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஊசி போட்ட வீட்டில் அன்று ராத்திரி பக்கத்தில் யார் படுப்பார்கள் என்று கேட்டுவிட்டு வா.

"ஊசி போட்டதிலேர்ந்து" என்பது பாதி நேரம் அவர்களுக்கு நாள்காட்டி. முன்பு "புயலடிச்ச வருஷம்" என்பார்களே, அது மாதிரி. அந்தச் சொல்லுக்குப் பின்னால் சோகை இருக்கும், தைராய்டு இருக்கும், புருஷன் செத்த துக்கம் இருக்கும். எந்த ஊசி, எந்தக் கை, எத்தனை நாள் கழித்து, அதற்கு முன்னால் இருந்ததா என்று கேள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள். 'உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி' என்றால் அப்படியே. ஆமாம், இல்லை என்பதை டாக்டர் பார்த்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அப்பத்தாவைப் பிசியோதெரபிக்கு நானே கூட்டிப்போனேன். விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சி. எட்டிய உயரத்தில் ஒவ்வொரு வாரமும் அடுப்புக்கரியால் கோடு கிழித்து வைத்திருந்தாள். பதினோரு கோடு எண்ணினேன். கொண்டை கொஞ்சம் பக்கவாட்டில்தான் வந்தது. 2022 கோடையில் மூன்றாவது ஊசிக்கு வந்தவளிடம், வேறு நர்ஸைப் போடச் சொல்லட்டுமா என்றேன். சேரை எனக்கு இழுத்துப் போட்டாள்.

"நீயே போடு தாயி. உக்காந்து போடு."

இப்படிக்கு,
உன் அக்கா